வலியறிதல்

தமிழில் 'வலி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நோவு என்பது ஒன்று. பலம் என்பது மற்றொன்று. திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தலைப்பைப் பார்த்துவிட்டு, வள்ளுவர் ஏதோ வைத்தியம் சொல்லப் போகிறார் என்று எண்ணிப் புரட்டுகிறவர் ஏமாந்து போவார். அங்கே பேசப்படுவது அரசனின் பலம். எடுத்த காரியத்தின் பலம், தன் பலம், மாற்றான் பலம், இரு தரப்புக்கும் துணை வருகிறவர்களின் பலம் ஆகிய நான்கையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு இறங்கு என்கிறார் அவர்.

நோவுக்கும் பலத்துக்கும் ஒரே சொல் அமைந்தது எப்படி என்பதைப் பண்டிதர்கள் ஆராயட்டும். நான் கவனித்தது வேறொன்று. மற்ற எல்லா இடங்களிலும் நாம் இந்த இரண்டு பொருளையும் தெளிவாகப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறோம். பல் பிடுங்கப் போகிறவர், "மரத்துப் போகிற ஊசி வேண்டாம், டாக்டர். வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் பல்லின் அருமை தெரியும்" என்று சொல்வதில்லை. குடல்வாலை எடுக்கும்போது மயக்க மருந்து வாங்கிக்கொண்டவரைக் கோழை என்று யாரும் பழிப்பதில்லை. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பொருளையும் ஒன்றாகப் பிசைந்து வைத்திருக்கிறோம். அந்த இடம் பிரசவ அறை. அங்கே நோவுதான் பலம். நோவைத் தாங்குவதுதான் பெண்மை. தாங்காதவள் தாயில் ஒரு படி குறைந்தவள்!

பிரசவ வலியைத் தணித்துக்கொள்வது சரிதானா? அதனால் தாய்மைக்கு ஏதேனும் குறைவு வருமா? தணிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? இவை வைத்தியர்கள் மட்டும் பேசித் தீர்க்கிற கேள்விகள் அல்ல. மருந்து எது, அளவு எவ்வளவு என்பதுதான் அவர்கள் துறை. நியாயம் எது என்பது நம் எல்லோருடைய துறை.

நான் ஆண், கதை எழுதுகிறவன். இந்த வலியைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை உண்டா என்று வாசகிகள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். தமிழ்க் கதைகளிலும் சினிமாக்களிலும் வரும் பிரசவக் காட்சிகளை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். தாழ்வாரத்தில் கணவன் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறான். மூடிய கதவுக்கு அப்பால் ஓர் அலறல். மாமியார் கைகூப்புகிறாள். பிறகு 'குவா குவா' என்ற சத்தம். நர்ஸ் வெளியே வந்து புன்னகையோடு செய்தி சொல்கிறாள். அத்தோடு காட்சி முடிகிறது. எங்கள் எழுத்தெல்லாம் எப்போதும் கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கிறது. உள்ளே இருந்தவளுக்கு அந்தப் பதினைந்து மணி நேரமும் என்ன நடந்தது என்பதை அலறல் ஒன்றினால் மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வெளியே நிற்கிறவன் அந்த அலறலுக்கு அர்த்தம் கற்பிப்பது எத்தனை சுலபம்!

சில மாதங்களுக்கு முன்பு கோபாலபுரத்தில், கான்ரான் ஸ்மித் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில் வளைகாப்புக்குப் போயிருந்தேன். பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களாகிய நாங்கள் வாசல் பக்கத்து அறையில் பட்சணத் தட்டுகளோடு இருந்தோம். கர்ப்பிணியின் கைகள் இரண்டிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். அவள் ஒரு வங்கியில் அதிகாரி. லட்சக்கணக்கில் கடன் கொடுக்கலாமா, கூடாதா என்று தினமும் கையெழுத்திட்டுத் தீர்மானிக்கிற கை அது. பேச்சு பிரசவத்தைப் பற்றித் திரும்பியது. திரும்பாமல் இருக்குமா?

"இப்போ முதுகிலே ஊசி போட்டு, வலியே தெரியாமப் பெத்துக்கலாமாமே!" என்றாள் ஒரு சித்தி.

"ஐயையோ! அந்த ஊசி போட்டா ஆயுசு முழுக்க முதுகுவலி" என்றாள் இன்னொருத்தி.

"எதுக்கு அந்த வம்பெல்லாம்? என் பொண்ணுக்கு நாள் நட்சத்திரம் பார்த்து நேரே ஆபரேஷன்தான் பண்ணினோம். ஒன்பது மணிக்குப் போனோம், பத்து மணிக்குப் பேரன்."

"என்னதான் சொல்லுங்க, வலி படாமப் பெத்தா பிள்ளை மேலே பாசம் எப்படி வரும்? நாங்கள்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பெத்தவங்க."

மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அதுவரை வாயைத் திறக்கவில்லை. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினாள்.

"ஏம்மா, கண்ணனைப் பெற வலிபட்டவ தேவகி. நாம அம்மான்னு கொண்டாடறது யாரை? யசோதையைத்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. எனக்கு மட்டும் அது போகவில்லை. கோபாலனின் பெயரைத் தாங்கிய பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கோபாலனையே சாட்சிக்கு அழைத்துவிட்டாளே அந்தப் பாட்டி! பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக்கொண்டு பாடினார். தாய்மையின் உச்சத்தைத் தொட அவருக்குத் தேவைப்பட்டது கண்ணனைப் பெற்றவள் அல்ல, வளர்த்தவள். யசோதைக்கும் அன்று பிரசவந்தான். ஆனால் களைப்பிலும் யோகநித்திரையிலும் ஆழ்ந்து, தனக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றே பாகவதம் சொல்கிறது. கண்விழித்தபோது பக்கத்தில் கண்ணன் கிடந்தான். அவளுடைய பாசத்தில் எந்த வியாசரும் எந்த ஆழ்வாரும் குறை கண்டதாகத் தெரியவில்லை. தத்து எடுத்து வளர்க்கிற தாய்மார்களிடம் கேட்டுப் பாருங்கள், பாசத்துக்கு வலி முன்பணம் கட்ட வேண்டுமா என்று.

அன்று நான் கவனித்த இன்னொரு விஷயமும் உண்டு. அத்தனை பேர் அத்தனை அபிப்பிராயம் சொன்னார்கள். வளையல்களை நகர்த்தியபடி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை மட்டும், "உனக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் பேச்சு புதிதல்ல. கோபாலபுரத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. 1847-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்து டாக்டர் ஜேம்ஸ் யங் சிம்சன், பிரசவத்தில் முதலில் ஈதரையும் பிறகு குளோரோபாரத்தையும் பயன்படுத்தத் தொடங்கினார். உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. ஏவாள் வேதனையோடு பிள்ளை பெறுவாள் என்பது வேத வாக்கு. அதைத் தணிப்பது தெய்வக் கட்டளைக்கு விரோதம் என்று சிலர் சொன்னார்கள். பக்திமானான சிம்சன் அதே வேதத்தைத் திறந்து காட்டினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன்பு ஆண்டவன் அவனை அயர்ந்த நித்திரையில் ஆழ்த்தினானே, அது மயக்க மருந்து இல்லாமல் வேறு என்ன? ஆணின் விலாவுக்கு ஆண்டவனே மயக்கம் கொடுத்திருக்க, பெண்ணின் இடுப்புக்கு மட்டும் அதை மறுப்பானேன்?

மத சம்பந்தமில்லாத எதிர்ப்பும் இருந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பிரசவ வைத்தியப் பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ், பிரசவ வலி இயற்கையானது, விரும்பத்தக்கது, நன்மை தருவது என்று வாதாடினார். அந்த நன்மையைத் தாம் அனுபவித்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1853 ஏப்ரல் 7-ஆம் தேதி விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவம். டாக்டர் ஜான் ஸ்னோ கைக்குட்டையில் துளித்துளியாகக் குளோரோபாரம் விட்டு முகர வைத்தார். ஐம்பத்து மூன்று நிமிஷம். இளவரசர் லியோபோல்டு பிறந்தார். 1857-இல் ஒன்பதாவது பிரசவத்துக்கும் மகாராணி அதே மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏழு முறை மருந்தில்லாமல் பெற்றவர் அவர். அது இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று இரண்டையும் தெரிந்து தேர்ந்தெடுத்தவர். மகாராணி முகர்ந்த பிறகு எதிர்ப்புக் குரல்கள் தணியத் தொடங்கின. ராணி செய்தால் நாகரிகம்; சாதாரணப் பெண் கேட்டால் சோதனையில் தோற்றவள். அக்காலத்து நியாயமும் அப்படித்தான் இருந்தது!

அந்த மகாராணியின் பெயர் நம் ஊரிலும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் வாசலில் இருந்தது. கோபாலபுரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் ஆட்டோவில் போனால் சற்று நேரத்தில் வந்துவிடும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிதான் அது. பழைய சென்னைவாசிகள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர் மேரி ஷார்லீப். இங்கே வழக்கறிஞராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி. திரைமறைவில் வாழ்ந்த பெண்கள் ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசி, பிரசவத்தில் துன்பப்பட்டுச் சாவதைக் கேள்விப்பட்டு, அதற்காகவே வைத்தியம் படிக்கத் துணிந்தவர். 1885-இல் அவருடைய முயற்சியால் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு விக்டோரியாவின் பெயரை வைத்தார்கள். அரண்மனையில் மகாராணியின் வலியைத் தணிக்க டாக்டர் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சென்னையில் திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கோ, வலியைத் தணிப்பது இருக்கட்டும், கையைப் பிடித்துப் பார்க்க ஒரு டாக்டர் கிடைப்பதே அப்போதுதான் சாத்தியமாயிற்று.

திண்டிவனத்தில் பாதிரியாரின் மகளாக இருந்த ஐடா ஸ்கடரின் கதை வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, தங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்க்க வரும்படி அந்தப் பெண்ணை அழைத்தார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரான என் தந்தை வருவார்" என்றாள். ஆண் பார்ப்பதை அவர்கள் ஒப்பவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா டாக்டராகி வேலூருக்குத் திரும்பினார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த மூவரின் வீட்டாரும் கொடியவர்கள் அல்லர். மனைவியைக் காப்பாற்ற இரவில் ஓடி வந்தவர்கள்தாம். ஆனால் பெண்ணின் உயிருக்கு மேலே ஒரு கௌரவத்தை வைத்திருந்தார்கள். அந்தக் கௌரவம் காக்கப்பட வேண்டுமா என்று உள்ளே துடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இன்று அந்தக் கௌரவம் போய்விட்டது. வலியைத் தாங்குவதில் ஒரு கௌரவம் இருக்கிறது என்கிற எண்ணம் மட்டும் மிச்சமிருக்கிறது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த யோசனை, நம் பண்பாட்டில் பெண் பொறுமையின் வடிவம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் திருச்சி மலைக்கோட்டைக்கு ஒரு முறை படியேறிப் போய் வரட்டும். அங்கே குடிகொண்டிருக்கும் ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த வரலாறு என்ன? ரத்தினாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குப் பேறுகாலம். துணைக்கு வர வேண்டிய தாய் மருந்து மூட்டையோடு காவிரியின் அக்கரையில் நிற்கிறாள். ஆற்றில் வெள்ளம். இங்கே மகளுக்கு வலி கண்டுவிட்டது. கைலாசத்திலிருந்து பார்த்த சிவபெருமான், "தாங்கிக்கொள், பெண்ணே! அதுதான் உன் பெருமை" என்று அசரீரி சொல்லவில்லை. அவளுடைய தாயின் உருவில் வந்து, பக்கத்தில் இருந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோதுதான் வந்தது யாரென்று தெரிந்தது. சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று இன்றும் அவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியிலிருந்து விளக்கெண்ணெய்ப் பிரசாதம் வாங்கி வந்து, வலி எடுக்கும் சமயத்தில் வயிற்றில் தடவுகிற வழக்கம் சென்னையிலும் உண்டு. நம் பாட்டிமார்கள் இடுப்புக்கு வெந்நீர் ஊற்றினார்கள், பொய்வலியா மெய்வலியா என்று பார்க்கக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள், முதுகை நீவிவிட்டார்கள். தங்களிடம் இருந்ததைக் கொண்டு தணிக்கத்தான் பார்த்தார்களே தவிர, வலி அதிகமாக வேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ளவில்லை. 'சுகப்பிரசவம்' என்ற சொல்லில் முதலில் நிற்பதே சுகந்தான்.

ஆனால் வலிக்கு ஒரு மரியாதை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பட்டினத்தடிகள் எல்லாவற்றையும் துறந்தவர். தாய்க்குக் கொள்ளி வைக்கும் வேளையில் மட்டும் அவரால் துறக்க முடியவில்லை. உடம்பெல்லாம் நொந்து பத்து மாதம் சுமந்து பெற்றவள் என்று சொல்லி அழுதார். அந்தப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்காதவர் யார்? ஆயினும் அங்கே பேசுகிறவர் யார் என்று கவனியுங்கள். பெற்றவளின் நோவை நினைத்துப் பிள்ளை உருகுகிறான். அது நன்றி. அதே நோவை இனிமேல் பிரசவிக்கப் போகிறவள் முன்னால் கொண்டுபோய் வைத்து, "இதைப் பட்டால்தான் நீ தாய்" என்றால் அது கட்டளை. போர்முனையில் காயம்பட்டு வந்தவனுக்குப் பதக்கம் குத்துகிறோம், நல்லதுதான். பதக்கத்துக்காகக் காயத்துக்குக் கட்டுப்போட மாட்டேன் என்று எந்த நாட்டுச் சர்க்காராவது சொன்னதுண்டா?

நம் ஊர்ச் சாலைகளில் முன்பெல்லாம் சுமைதாங்கிக் கற்கள் நிற்கும். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோனவளின் நினைவாக வைப்பார்கள். போகிற வருகிறவன் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவான். அவள் இறக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக வேறு யாருடைய சுமையாவது இறங்கட்டும் என்று எண்ணிய மனம் எத்தனை பெரிய மனம்! பெண்ணின் வலியை மதிப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழி அது.

இவ்வளவும் சொன்னபிறகு, "ஆகவே எல்லோருக்கும் ஊசியைப் போட்டு முடித்துவிடுங்கள்" என்று எழுதிவிடலாமா? கூடாது. அந்தப் பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரத்தில் 'அந்தி மயக்கம்' என்று ஒரு முறை பிரபலமாயிற்று. மார்பினோடு ஸ்கோபோலமின் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பிரசவித்தவள் மறுநாள் விழித்து, "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்பாள். அமெரிக்கப் பெண்கள் 1914-இல் இதற்காகச் சங்கமே அமைத்துக் கிளர்ச்சி செய்தார்கள். உண்மையில் அந்த மருந்து வலியை அவ்வளவாகப் போக்கவில்லை, நினைவைத்தான் போக்கிற்று. மயக்கத்தில் அவள் அலறினாள், புரண்டாள். கட்டிலில் கட்டிப் போட்ட ஆஸ்பத்திரிகளும் இருந்தன. காலையில் அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாத வலி, வலி இல்லையா? பட்டபோது பட்டவள் அவள்தானே? இது தத்துவக்காரர்கள் வெகு நேரம் விவாதிக்கக்கூடிய கேள்வி. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்த முறையில் வசதி அடைந்தவர்கள் மற்றவர்கள். வலிபட்டவளிடமிருந்து வலி கழிக்கப்படவில்லை. சாட்சி சொல்லும் வாய்தான் பறிக்கப்பட்டது.

இதற்கு மறுதலையாக, 1933-இல் இங்கிலாந்தின் டாக்டர் கிராண்ட்லி டிக்-ரீட், இயற்கைப் பிரசவத்தைப் பற்றி எழுதினார். பயத்தால் உடம்பு விறைக்கிறது. விறைப்பால் வலி பெருகுகிறது. ஆகவே பயத்தைப் போக்குங்கள் என்பது அவர் கட்சி. அதில் நிறைய உண்மை இருக்கிறது. தனியாக, தெரியாத முகங்களுக்கு நடுவே, அதட்டலுக்குப் பயந்து படுத்திருக்கிறவளுக்கு வலி இரட்டிப்பாகும் என்பதை அறிய டாக்டராக வேண்டியதில்லை. மருந்து வேண்டாம், ஒவ்வொரு நொடியையும் உணர்ந்தே பெற்றுக்கொள்வேன் என்று மனமார விரும்புகிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பைத்தியம் என்று சிரிப்பதும் பண்பல்ல. ஆனால் அந்த விருப்பம் ஒரு விதியாக மாறி, 'இயற்கையாகப் பெறாதவள் தோற்றவள்' என்று சொல்லத் தொடங்கும்போது, பழைய மாமியார் புதுப் புடைவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்றுதான் அர்த்தம்.

நம் தமிழ்நாட்டு நிலைமைக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கின்றன. ஐடா ஸ்கடரின் காலத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய சாதனை! அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. பிறக்கும் நூறு குழந்தைகளில் சுமார் 45 குழந்தைகள் சிசேரியன். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. இந்தியா முழுவதற்கும் சராசரி 21.5 தான்.

இதற்குக் காரணங்கள் பல. உயிரைக் காக்கச் செய்கிற அறுவை சிகிச்சை உண்டு. அதற்குக் கை கூப்ப வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்து நடக்கிற அறுவை உண்டு. டாக்டரின் சௌகரியத்துக்காக நடப்பதும் உண்டு என்கிறார்கள். இவற்றோடு ஒரு காரணம் சத்தமில்லாமல் கலந்திருக்கிறது: வலியைப் பற்றிய பயம். "என்னால் இந்த வலியைத் தாங்க முடியாது, அறுத்து எடுத்துவிடுங்கள்" என்று பெண்ணே கேட்கிறாள். அல்லது அவள் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் தாய் கேட்கிறாள். பல்லைக் கடித்துக்கொள், இல்லையேல் வயிற்றை அறுத்துக்கொள். இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வழி இல்லை என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அறுத்த வயிறு வலிக்காதா? பிரசவத்துக்கு முன் பட வேண்டியதைப் பின்னால் படுகிறாள். அடுத்த கர்ப்பத்துக்கும் அந்தத் தழும்பு சில ஆபத்துகளைச் சேர்த்து வைக்கிறது.

நடுவே வழிகள் இருக்கின்றன. பக்கத்தில் நம்பிக்கையான ஒரு துணை, நடமாட்டம், வெந்நீர், இடுப்பை நீவிவிடுதல் ஆகியவை செலவில்லாதவை. பாதிக்குப் பாதி ஆக்ஸிஜன் கலந்த நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைப் பிரசவிக்கிறவளே தன் கையால் முகமூடியைப் பிடித்து, வேண்டும்போது முகரலாம். பெத்திடின் போன்ற ஊசிகள் ஓரளவு தணிக்கும். ஆனால் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்து தூக்கக் கலக்கத்தை உண்டாக்கலாம் என்பதால் நேரம் பார்த்துத்தான் போடுவார்கள். எல்லாவற்றிலும் அதிகமாகத் தணிப்பது எபிட்யூரல். முதுகெலும்பின் நடுவே, தண்டுவடத்தைச் சுற்றிய உறைக்கு வெளியே, மெல்லிய குழாய் வழியாக மரப்பு மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். தாய் விழித்திருப்பாள். பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள்.

அதில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், சிலருக்குக் கடுமையான தலைவலி வந்து சில நாள் இருக்கும். முக்கிக் கொடுக்கும் கட்டம் நீளக்கூடும். முன்காலத்து அதிக அளவு மருந்தில் ஆயுதம் போட்டு எடுக்க நேர்வதும் கூடியிருந்தது. இன்றைய குறைந்த அளவில் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஆனால் வளைகாப்பு வீட்டில் அந்த அம்மாள் சொன்ன ஆயுட்கால முதுகுவலியை ஆராய்ச்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் அதே அளவு முதுகுவலி இருக்கத்தான் செய்கிறது. இதனால் சிசேரியன் கூடுகிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியில், ஆரோக்கியமான கர்ப்பிணி கேட்டால் அவள் விருப்பத்தை அனுசரித்து எபிட்யூரல் கொடுக்கலாம் என்றும், அவள் விரும்புகிற துணையைப் பக்கத்தில் இருக்கவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. 'அவள் கேட்டால்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் கேட்க வேண்டுமானால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தாலும், கேட்டால் பழிப்பார்களோ என்ற கூச்சம் இல்லாதிருக்க வேண்டும். கேட்டாலும், கொடுக்க மயக்க மருந்து டாக்டர் இரவு இரண்டு மணிக்கும் இருக்க வேண்டும். அதற்குப் பணம் கட்டப் பையில் இருக்க வேண்டும். கோபாலபுரத்துப் பெண்ணுக்குக் கடைசி இரண்டும் கிடைக்கும். முதல் இரண்டும் அவளுக்கே இல்லை. பாத்திரம் தேய்க்க அந்த வீட்டுக்கு வருகிறவளின் மகளுக்கோ நான்கும் இல்லை. நோவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பணமில்லாதவளின் வலிக்குப் 'பொறுமை' என்று பெயர் சூட்டிவிட்டு, செலவை மிச்சம் பிடிக்கிற சமூகத்தை நான் பண்பாடுள்ளது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் முடிவு இதுதான். உடம்பு அவளுடையது, நோவு அவளுடையது, ஆகவே தீர்மானமும் அவளுடையது. குழந்தைக்கோ அவளுக்கோ ஆபத்து என்றால் எச்சரிப்பது டாக்டரின் கடமை. அதைக் கேட்டுத் தெளிவது அவள் கடமை. மற்றவர்களுக்கு இதில் உள்ள பங்கு, பக்கத்தில் நிற்பது மட்டுமே. வலியோடு பெற்றவளை வணங்குவோம்; வலியைத் தணித்துக்கொண்டு பெற்றவளையும் அதே கையால் வணங்குவோம். இருவரில் யார் பெரிய தாய் என்ற போட்டியை, இரவில் பிள்ளை அழும்போது எழுந்திருப்பதில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதில் தகப்பனும் கலந்துகொள்ளட்டும்!

வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன நான்கு எடைகளையும் ஏழாம் மாதத்திலேயே அந்தப் பெண்ணின் முன்னால் வைத்துவிடலாம். வரப்போகிற காரியத்தின் வலி என்ன, தன் வலி என்ன, எதிர்ப்படக்கூடிய ஆபத்தின் வலி என்ன, துணைக்கு வருகிற மருந்துக்கும் மனிதருக்கும் உள்ள வலி என்ன என்று அவளே எடை போட்டுப் பார்க்கட்டும். நோவு, பலம் என்கிற இரண்டு பொருளும் அங்கே பொருந்தி வரும். வளையல் அடுக்குகிற நாளில் இனி யாராவது ஒருவர், அபிப்பிராயம் சொல்வதற்கு முன்னால், "உனக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று அவளைக் கேட்டால் போதும். வலியறிதல் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.